தோளோரப் பள்ளம்

முதலில் கெடுத்தவன் சுகிர்தராஜ். மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பின்னால் வந்தவர்கள். ஓவியக் கல்லூரி வாசலில் நிறுத்தி, டிங்கர் ஆளுங்க எல்லாம் பின்பக்கமா போங்க என்று கையைக் காட்டிய காவல்காரன், பரிசு மேடையில் தண்டபாணி என்று கூப்பிட்டுவிட்டுத் திருத்தாமலே சால்வை போட்ட அந்தப் பெரிய மனிதர், செம்பு கறுத்துப்போகிறதே என்று தங்கக் கலர் பெயிண்ட் அடித்துவிட்ட வங்கி மேலாளர், எல்லோரும் தணிகாசலத்தின் மனதில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தரையும் அவர் எழுப்பி அனுப்பவில்லை. ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறதில்லையா. வரிசையில் முதல் ஆள் இதோ இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், கீழ்ப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில், ஏசி போட்ட அறையில், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. இந்தப் பக்கம் சோபாவில் தணிகாசலம் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மதியம் சாப்பிட்டுவிட்டு நேராக வந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் உள்ளே இருக்கிறாள், முடிந்ததும் கூப்பிடுகிறேன் அங்கிள் என்று சுகிர்தராஜின் மகள் ஷீபா சொல்லிவிட்டுப் போனாள். கதவு முழுக்கச் சாத்தவில்லை. "இது என்ன சார்? நல்லாப் பாருங்க. தலை வாரிக்குவோமே." பதில் வருகிறது: "சரி." "சரி இல்ல சார், இதோட பேரு சொல்லுங்க. சீ…" "சரி." "சீப்…" "சரி, சரி." படம், சிற்பம் என்று எழுதி எழுதி ஊரில் உள்ள பொருளுக்கெல்லாம் பெயர் வைத்தவன். இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று, கேட்டால் பிரெஞ்சில்கூட ஒன்று வைப்பான். இப்போது ஒரு சீப்புக்குப் பெயர் தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டும் போல இருந்தது தணிகாசலத்துக்கு. பட்டுப் பார்த்தார், வரவில்லை. பையின் மேலாகக் கையை வைத்து உள்ளே இருப்பதைத் தடவினார். கையளவு செம்புச் சிற்பம். பெரிதைச் செய்வதற்கு முன்னால் சோதனைக்குத் தட்டிப் பார்த்த சின்னது. பெரியதற்குப் பித்தளைத் தகட்டில் பெயர் இருக்கிறது. இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, வைக்க விடவில்லை. இந்தத் தடவை விடாமல் கேட்டுவிட வேண்டும். எடுத்துடுடா சுகிர்தா, நீ வெச்சதை நீயே எடுத்துடு. எத்தனை வருடமாகச் சொல்கிறான், எடுத்துடறேன் எடுத்துடறேன் என்று.

சுவரில் ஒரு ஏசுநாதர், பக்கத்தில் சுகிர்தராஜ் யாரோ வெள்ளைக்காரரோடு கை குலுக்குகிற படம், அதற்குப் பின்னால் மங்கலாக ஒரு ஆள், கண்ணை இடுக்கிப் பார்த்தால் அது தணிகாசலமேதான், பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே. நல்லா இருக்குடா. எப்போதும் அப்படித்தான், முன்னால் நின்று பேசுவது அவன், பின்னால் சுத்தியோடு நிற்பது இவர். புதுப்பேட்டையில் டிங்கர் கொட்டகையில் இருந்தபோது ஒரு பழைய காரின் மட்கார்டை நசுக்கிக்கொண்டு வந்தானே, அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். வண்டியைப் பார்க்காமல் மூலையில் கிடந்ததைப் பார்த்தான். வேலை இல்லாத நேரத்தில் மிச்சத் தகட்டில் சும்மா தட்டிப் போட்டவை, ஒன்றுக்கும் உதவாதவை, முதலாளி பார்த்தால் திட்டுவாரென்று டயருக்குப் பின்னால் தள்ளி வைத்தவை. "யார் செஞ்சது இது?" என்றான். "நான்தான் சார், சும்மா." "சும்மான்னா?" "சும்மான்னா சும்மாதான் சார். கை கேட்டுது." அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான், வெள்ளை பேண்ட் கிரீஸ் ஆனதுகூடத் தெரியாமல். அதை மட்டும் மறக்க முடியவில்லை, மறந்தால் திட்டுவதற்கு வசதியாக இருக்கும். ஒடுக்கு எடுப்பது என்றால் என்ன என்று அவன்தான் கேட்டான். தணிகாசலம் சொல்லிக் காட்டினார்: உள்பக்கம் தாங்குகட்டை பிடித்த கை, வெளிப்பக்கம் சுத்தி பிடித்த கை, நடுவில் நசுங்கின தகடு. உள்ளே இருக்கிற கைதான் பார்க்கும், கண் பார்க்காது. இடித்தவன் கோபமாக இடித்தானா தெரியாமல் இடித்தானா என்பதுகூட உள்கைக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் கடற்கரைப் பக்கம் ஓவியர்கள் கூடிப் போட்ட சவுக்குத் தோப்புக் கொட்டகை, காஸ் வெல்டிங், செம்புத் தகடு, தாடி வைத்த பையன்கள், அவர்களுடைய பேச்சு. உருவம் இல்லாத சிற்பம் என்றார்கள். இவருக்கு அது சிரிப்பாக இருந்தது. உருவம் இல்லாமல் எதுடா இருக்கு? பள்ளத்துக்கும் உருவம் உண்டு. எதிலிருந்து போயிற்றோ அதனுடைய உருவம். ஆனால் அவர்கள் பேசும்போது குறுக்கே பேச மாட்டார், மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்ன பேசுவது, இரும்பு பேசட்டும் என்று விட்டுவிடுவார். அங்கேதான் தப்பு நடந்தது. இரும்பு பேசுகிற இடத்தில் எல்லாம் சுகிர்தராஜ் பேசினான்.

உள்ளே சீப்பு முடிந்து மாடு ஓடிக்கொண்டிருந்தது. "பால் குடுக்குமே சார்? ம்மான்னு கத்துமே?" "சரி." ஷீபா காப்பி கொண்டுவந்து வைத்தாள். "அங்கிள், அப்பாவுக்கு ஆளெல்லாம் தெரியுது. எல்லாம் புரியுது. வார்த்தைதான் வரல. ஆறு மாசமா இந்த ஒரே சரிதான். பால்காரன்கூட 'சார் எதைக் கேட்டாலும் ஒத்துக்கறாரு'ன்னு சிரிக்கறான்." சிரிக்கப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு தடவை, ஒரே ஒரு வார்த்தை, வேறு எதுவாக இருந்தாலும் போதும் அங்கிள், ஷீபான்னுகூட வேணாம், ஒரு டம்ளர்னு சொல்லட்டும். இந்தப் பெண்ணுக்கு இப்போது என்ன வயது இருக்கும், தன் மகள் அம்சா இருந்திருந்தால் இவளைவிடக் கொஞ்சம் மூத்தவள், அம்சாவுக்கும் முன்பக்கம் நரைத்திருக்கும், அவள் பிள்ளைகள் தாத்தா என்று, இல்லை, வேண்டாம், அந்தப் பக்கம் போகக்கூடாது. போனால் வழி ஒரே இடத்துக்குத்தான் போகிறது. பஸ். இருபத்தொன்பதாம் நம்பர் பஸ்ஸோ என்னமோ, நிற்க இடமில்லை, இடது தோளில் அம்சா, மூன்று நாள் காய்ச்சல், தலை கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் கச்சிதமாக விழுந்து கிடந்தது. அந்தப் பள்ளம் எதற்கு என்று அதற்கு முன்னால் அவருக்குத் தெரியாது. கொதித்தது. சட்டைக்கு மேலாகக் கொதித்தது, வெல்டிங் சூடு பழகிய உடம்புக்கே கொதித்தது. பக்கத்தில் அம்சாவைப் பெற்ற கோயிந்தம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னாய்யா, எப்பிடிக் கீது, என்னாய்யா" என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் கேட்டுக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு நிறுத்தம் இருக்கும்போது சூடு மெல்ல எறங்குவது தெரிந்தது. கழுத்தோரம் இதமாக இருந்தது. அவருக்கு அத்தனை சந்தோஷம். "சூடு எறங்கிடுச்சுடி" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். கோயிந்தம்மாவும் சிரித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யாரோ ஒரு அம்மாவிடம், எறங்கிடுச்சாம்க்கா என்றாள். அந்த அம்மாகூட மாரியாத்தா என்று கும்பிட்டது. ரெண்டு நிறுத்தம். அந்த ரெண்டு நிறுத்தமும் அவர் ஆடாமல் நின்றார், தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாதென்று.

காப்பி ஆடை கட்டிவிட்டது. எடுத்து ஒரு வாய் குடித்தார். அந்தப் பள்ளத்தைத்தான் செய்தார் பிறகு, வேறு எதையும் இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அந்தச் சவுக்குத் தோப்புக் கொட்டகையில் உட்கார்ந்து, ஊரிலிருக்கிற ஒடுக்கையெல்லாம் எடுத்துக்கொடுத்த கை, முதன்முதலாக ஒரு ஒடுக்கை விழவைத்தது. செம்புதான் வேண்டும் என்றார், செம்பு சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். கழுத்திலிருந்து ஒரு வளைவு, தோளிலிருந்து ஒரு வளைவு, நடுவில் அந்தப் பள்ளம். தலை இல்லை, முகம் இல்லை, பிள்ளை இல்லை. பிள்ளையை வைக்கக்கூடாது, வைத்தால் பொய். உள்கையால் தாங்கிக்கொண்டு வெளியிலிருந்து தட்டித் தட்டி, அந்தக் கனம் எங்கே விழுந்ததோ அங்கே தகட்டைத் தாழ்த்தினார். முடிந்த அன்றைக்குச் சுகிர்தராஜ் வந்தான். அவனிடம் மட்டும்தான் சொன்னார், பஸ்ஸைச் சொன்னார், எறங்கிடுச்சுடி என்று சொன்னதைச் சொன்னார். அவன் குனிந்து அந்தப் பள்ளத்தில் கன்னத்தை வைத்தான். ஜில்லென்றிருந்திருக்கும். நிமிராமல் அப்படியே அழுதான். நடிப்பு இல்லை, அதுதான் ஆத்திரம், நடிப்பாக இருந்தால் தொலையுது என்று விட்டிருக்கலாம். எல்லாம் தெரிந்தவன், கன்னத்தை வைத்து அழுதவன், கண்காட்சிக்கு அச்சடித்த புத்தகத்தில் என்ன போட்டான்? பறவை. இங்கிலீஷில் போட்டான். இவருக்குப் படிக்கத் தெரியாது. கண்காட்சி அன்றைக்கு வந்தவர்கள் எல்லாம் ரெண்டு கையையும் விரித்து விரித்துக் காட்டி, றெக்கை, றெக்கை என்று பேசிக்கொண்டபோதுதான் என்னவோ நடந்திருக்கிறதென்று புரிந்தது. கழுத்து வளைவு கழுத்தாம், தோள் வளைவு விரித்த சிறகாம். பள்ளம் காற்றாம். கேட்டதற்கு, "டேய், ஒரு பேரு இல்லாம எவனும் வாங்க மாட்டான்டா. செத்த கொழந்தைன்னு போட்டா கிட்டயே வரமாட்டான். பறவைன்னா அவனவன் இஷ்டத்துக்குப் பறக்க விட்டுக்குவான், நீ பொழைச்சுக்குவ" என்றான். பிழைத்துக்கொள்வதற்காம். அதைவிட மோசமாக ஒன்று நடந்தது அன்றைக்கு. கோயிந்தம்மா வந்திருந்தாள், அவளாகவே வருகிறேன் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. அவளிடம் இவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நேராக அதனிடம் போனாள். மற்ற எதையும் பார்க்கவில்லை. நின்றாள். மெல்லக் கையை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தாள், பிள்ளையின் பின்னந்தலையைத் தாங்குகிற மாதிரியே ஐந்து விரலையும் குவித்து வைத்தாள். தெரிந்துவிட்டது அவளுக்கு. யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. அப்போது பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி, நல்ல எண்ணத்தோடுதான், "பறவைம்மா, அழகா இருக்கில்ல" என்றாள். கோயிந்தம்மா கையை எடுத்துவிட்டாள். சூடு பட்டதுபோல எடுத்தாள். வீட்டுக்கு வந்து, புடவையை மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "பறவையா செஞ்சே?" என்றாள். "இல்லடி, அது…" "நான் என்னமோன்னு நெனச்சுட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அவருடைய வேலை எதையும் பார்க்க அவள் வரவில்லை. சொன்னார், எத்தனையோ விதமாகச் சொன்னார், சுகிர்தராஜையே வீட்டுக்கு வரச்சொல்லி, நீயே சொல்லுடா என்றார். வரேன்டா என்றான். வருவதற்குள் டெல்லிக்கு ஒரு கூட்டம், பம்பாய்க்கு ஒரு கூட்டம், அவளுக்கு ஒரு கட்டி.

பறவை அவரைத் தூக்கிக்கொண்டு பறந்தது, அதையும் சொல்ல வேண்டும். வங்கி வாங்கி வாசலில் வைத்தது. பரிசு வந்தது. பரிசு வந்ததும் ஓட்டல்காரன் ஒரு பறவை கேட்டான், ஆஸ்பத்திரிக்காரன் ஒரு பறவை கேட்டான், ஏதோ கம்பெனிக்காரன் இன்னும் உயரமாகப் பறக்கிற மாதிரி கேட்டான். செய்தார். பறவைத் தணிகாசலம் என்று பெயராயிற்று. வேறு எதைச் செய்தாலும், உருண்டையாகச் செய்தால் முட்டை என்றார்கள், கம்பியாகச் செய்தால் கூடு என்றார்கள். ஒரு தடவை மனசு தாங்காமல் மேடையிலேயே மைக்கைப் பிடித்து, ஐயா அது பறவை இல்லை என்று சொல்லிப்பார்த்தார். கூட்டம் கைதட்டியது. ஒரு பேராசிரியர் எழுந்து, படைத்தவனுக்கு அவன் படைப்பு தெரியாது என்பதற்கு இதுவே சாட்சி என்றார். அதற்கும் கைதட்டினார்கள். சுகிர்தராஜ் மேடையில் தலையைக் குனிந்துகொண்டான், எழுந்து சொல்லவில்லை. கீழே இறங்கியதும் தோளில் கைபோட்டு, "எழுதி எடுத்துடறேன்டா, பேச்செல்லாம் காத்தோட போயிடும், எழுத்துதான் நிக்கும்" என்றான். இப்போது தணிகாசலத்தின் வேலையையெல்லாம் படம் போட்டு ஒரு பெரிய புத்தகம் வரப்போகிறது, முன்னுரை சுகிர்தராஜ், இந்தத் தடவை சத்தியமாக என்றான், பைபிள்மேல் அடிக்காத குறையாகச் சொன்னான், மறுவாரம் குளியலறையில் விழுந்தான். போகட்டும், புத்தகம் கிடக்கட்டும், ஊர் எப்படியோ சொல்லிக்கொண்டு போகட்டும். இன்றைக்கு இங்கே வந்தது அதற்காக இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் வேலையிருந்து வங்கி வாசலில் இறங்கினார். வெயில். தங்கக் கலர் உரிந்து அடியில் செம்பு தெரிந்தது. சரி, பார்ப்போம் என்று எதிரில் நின்றார். பார்த்தார். சிறகு தெரிந்தது. கழுத்து தெரிந்தது. கிளம்பப் போகிற பறவை ஒன்று நின்றுகொண்டிருந்தது, அச்சாக. கண்ணை மூடித் திறந்தார், பறவை. சுற்றி வந்து பின்பக்கமிருந்து பார்த்தார், பறவை. பயந்துபோய்ப் பஸ் ஏறினார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, இடது தோளில் அந்தக் கனத்தை வரவழைத்துப் பார்த்தார், தினமும் வருகிற கனம்தான், கூப்பிடாமலே வருவது. வரவில்லை. தலை வந்து விழவேண்டிய இடத்தில் றெக்கை அடித்தது. அம்சாவின் முகம் எப்போதோ போய்விட்டது, புகைப்படம் எடுத்து வைக்கிற வழக்கம் அப்போது ஏது. அந்தக் கனம் ஒன்றுதான் இருந்தது கையிருப்பாக. அதையும் அந்தப் பெயர் கொத்திக்கொண்டு போய்விட்டது. வைத்தவன் எடுத்தால் ஒருவேளை இறங்கும். பேய் ஓட்டுகிற கதைபோல இருக்கிறது, இருக்கட்டும். பள்ளத்தில் கன்னம் வைத்து அழுதவன் உலகத்தில் இவன் ஒருத்தன்தான். இவன் வாயால் இல்லை என்று சொல்லட்டும்.

"வாங்க அங்கிள்" என்றாள் ஷீபா.

சுகிர்தராஜ் பார்த்ததும் அழுதான். பாதி முகம் அழுதது, பாதி சும்மா இருந்தது. "சரி" என்றான். தணிகாசலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பயிற்சிப் பெண் சீப்பு படத்தையும் மாடு படத்தையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே போகச் சொல்லலாமா என்று நினைத்தார், யார் இருந்தால் என்ன என்று பேச ஆரம்பித்தார். "எப்பிடிடா இருக்க?" "சரி." "ஒண்ணு கேக்கணும்." "சரி." "நீ வெச்ச பேர எடுத்துடு. அது பறவை இல்லன்னு உனக்குத் தெரியும்." "சரி." நெஞ்சில் எதுவோ லேசாயிற்று, ஒரு நொடிதான். சந்தேகம் வந்தது. குரலைத் தாழ்த்தி, "அப்ப அது பறவைதானா?" என்றார். "சரி" என்றான் அவன், அதே குரலில், அதே கண்ணீரோடு. பால்காரன் சொன்னது சரிதான். இந்தச் சரி செல்லாது. தணிகாசலம் பையை அவிழ்த்துச் சின்னச் செம்பை எடுத்து அவனுடைய நல்ல கையில், இடது கையில் வைத்தார். "பேச வேணாம். தொட்டுப் பாரு. பஸ்ஸுல வந்தேனே, சொன்னேனே." சுகிர்தராஜ் படத்தைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்க்கவில்லை. விரல்கள் தாமாகவே நகர்ந்தன, கழுத்து வளைவில் இறங்கி, தோள் வளைவில் ஏறி, திரும்பி, கட்டைவிரல் பள்ளத்துக்குள் போய் நின்றது. நின்ற இடம் சரியான இடம். மெதுவாகத் தூக்கினான். கன்னத்தில், உணர்ச்சி இருக்கிற பக்கத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். ஜில்லென்றிருக்கும். தெரிந்துவிட்டது இவனுக்கு. போதும், வார்த்தைகூட வேண்டாம், இப்படியே இரு, இப்படியே வைத்திரு என்று அவர் தன் கழுத்தை இடது பக்கம் சாய்த்தார், தோளில் ஏதோ வந்து இறங்குவதுபோல ஒரு சிறு கனம், வருகிறது, இதோ. சுகிர்தராஜின் உதடு கோணியது. "ப" என்றான். பயிற்சிப் பெண் நிமிர்ந்தாள். "ப… பற…" நெற்றி நரம்பு புடைத்தது. "வேணாம்டா" என்றார் தணிகாசலம். "பற… வை." கண்ணைத் திறந்தான். "பறவை" என்றான், தெளிவாக, பழைய சுகிர்தராஜின் குரலில்.

ஷீபா அலறிவிட்டாள். ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள், பயிற்சிப் பெண் கைதட்டினாள், "இன்னொரு தரம் சார், சூப்பர் சார், இது என்ன சார்?" என்றாள். "பறவை! பறவை!" சின்னப் பிள்ளைபோலச் சிரித்தான் அவன், செம்பை உயர்த்திக் காட்டினான், பார்த்தாயா, சொல்லிவிட்டேன் பார்த்தாயா என்று தணிகாசலத்தைப் பார்த்துத்தான் சிரித்தான். அந்தச் சிரிப்பில் வஞ்சகம் இல்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டவனின் சிரிப்பு அது. தணிகாசலம் கையை நீட்டினார், வாங்கிக்கொள்ள. அவன் விடவில்லை. நல்ல கைக்கு என்ன பலம். "இது இங்கயே இருக்கட்டுமே அங்கிள், ப்ளீஸ், தினம் இத வெச்சே அப்பாவப் பேச வைக்கலாம்" என்றாள் ஷீபா. ஆறு மாதமாக அழுத கண் அப்படி மின்னுவதை அவர் பார்த்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். காலிப் பையை நாலாக மடித்தார், எங்கே வைப்பதென்று தெரியாமல் இடது தோளில் போட்டுக்கொண்டார். அதற்கு ஒரு கனமும் இல்லை.

வாசல் வரைக்கும் வந்து ஷீபா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்களுக்கு நாங்க ரொம்பக் கடன்பட்டிருக்கோம் அங்கிள்."

"ஆமாம்மா" என்றார் தணிகாசலம். "பட்டிருக்கீங்க."

அவள் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே கதவைச் சாத்தினாள். உள்ளே அவன் மறுபடியும் அதைச் சொல்வது கேட்டது.